இருட்டுப் பங்கு

கேட்டால் கோபம் வரும் கதை இது. வரட்டும். ஆனால் கடைசியில் தீர்ப்பும் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

காங்கேயத்துக்கு மேற்கே ஒரு பங்குக் கிணறு. மாரப்பன், நாச்சிமுத்து, செங்கோடன் என்ற அண்ணன் தம்பி மூவருக்கும் பொது. ‘கிணற்று நீர் மூவருக்கும் சமபாகம், இறைக்கும் வசதிக்கு முறை வைத்துக்கொள்ளலாம்’ என்றது பாகப் பத்திரம். காலையிலிருந்து உச்சிவரை நாச்சிமுத்து, உச்சியிலிருந்து அந்திவரை செங்கோடன் என்று முறை வைத்தார்கள். பாம்புக்குப் பயந்து தம்பிகள் ஒதுங்கவே, இரவு முறையை மூத்தவன் மாரப்பன் ஏற்றுக்கொண்டான். டீசல் எஞ்சினுக்குப் பகலென்ன, இரவென்ன? அவன் இறந்த பிறகும் அவன் மனைவி பழனாத்தாள் டார்ச் விளக்கோடு போய்த் தன் முறைக்குத் தண்ணீர் பாய்ச்சினாள்.

டீசல் விலை கைக்கு எட்டாமல் போனது. சூரிய மோட்டாருக்கு மானியம் தருவதாகச் சொன்னார்கள். மூவரும் கையெழுத்துப் போட வேண்டும், பழைய எஞ்சினை எடுத்துவிட வேண்டும் என்பது நிபந்தனை. மரநிழல் விழாதது பழனாத்தாள் பயிர் செய்யும் காடு ஒன்றுதான். சோலார் பலகைகளை நிறுத்த நான்கு சென்ட் இடத்தை அவள் மனதார விட்டுக் கொடுத்தாள். வந்த அதிகாரி வெயிலை அளந்தார், கிணற்றின் ஆழத்தை அளந்தார். யாருக்கு எப்போது முறை என்று மட்டும் கேட்கவில்லை. கேட்டால் வாய் வலித்திருக்குமோ என்னவோ!

மோட்டார் ஜோராக ஓடியது. பொழுது சாய்ந்ததும் நின்றது. பழனாத்தாளின் முறை அப்போதுதான் தொடங்கியது.

பூவெடுத்த மிளகாய்ச் செடிகள் தலை தொங்கின. கொழுந்தன்மாரிடம் போனாள்.

“பகல்ல ஒரு மணி நேரம் விடுங்க தம்பி.”

“முறைன்னா முறைதானுங்க நங்கையா. பெரியவங்க காலத்துல வெச்சதை நாங்க மாத்தறதா?” என்று அண்ணியிடம் கேட்டான் நாச்சிமுத்து.

செங்கோடன் அதற்கும் ஒரு படி மேலே போனான். “உங்க முறையை யாருங்க தொட்டாங்க? ராத்திரி பூராவும் உங்களுதுதானே!”

கூசாமல் சொன்னான். அந்த ராத்திரிக்குப் பயந்து ஓடியவனே அவன்தான்.

புது மோட்டார் ஓடத் தொடங்கிய இருபதாம் நாள் காலை, நாச்சிமுத்துவின் முறையில் மோட்டார் நின்றது. தம்பிகள் ஓடிப் போய்ப் பார்த்தார்கள். பலகைகள் மேல் தார்ப்பாய் விரித்திருந்தது.

“என்ற காட்டுல என்ற தார்ப்பாயைக் காயப் போட்டிருக்கறன். உங்க முறையை நான் தொட்டனா?” என்றாள் பழனாத்தாள்.

இப்போது மூவர் பயிரும் காய்கிறது. முறையைக் காத்தோம் என்கிறார்கள் தம்பிகள். திட்டப்படிதான் செய்தேன் என்கிறார் அதிகாரி. தண்ணீர் வராமல் தார்ப்பாயை எடுக்க மாட்டேன் என்கிறாள் பழனாத்தாள். இதில் யார் செய்தது சரி?

விடை: பத்திரத்தை இன்னொரு முறை படியுங்கள். பங்கு வைத்தது தண்ணீரை, நேரத்தை அல்ல. நேரம் வெறும் அளக்கும் படி. படி மாறிவிட்டால் நெல்லில் ஒருத்தியின் பங்கு இல்லையென்று ஆகிவிடுமா? பகலை மூன்றாக்க வேண்டும். காலை வெயிலும் மாலை வெயிலும் மந்தம் என்பதால் நாளுக்கு நாள் முறையைச் சுற்றிவிட வேண்டும். இதைச் சொல்லியிருக்க வேண்டிய அதிகாரி சொல்லவில்லை. செய்திருக்க வேண்டிய தம்பிகள் செய்யவில்லை. சரியாகச் செய்தவள் பழனாத்தாள்தான். அவள்மேலும் ஒரு குற்றம் உண்டு: பத்தொன்பது நாள் பொறுத்தாள்.