நாலு மணிக் கோப்பை

ரெண்டு கல்லூரி ஒரே கால்பந்துக் கோப்பைக்கு முட்டிக்கொண்டிருந்த ஒரு ஊரிலே, மைதானத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போடுகிற சிகாமணி என்று ஒருத்தர் இருந்தார்.

இறுதி ஆட்டத்தன்று விடியக்காலை எதிர்க் கல்லூரி கோல்கீப்பர் ரெக்ஸ்லின் லாரியில் அடிபட்டுச் செத்துப்போனான். ஆட்டத்தைத் தள்ளிவைக்கச் சொல்லி அவர்கள் கெஞ்சினார்கள். சிகாமணி வேலை பார்த்த கல்லூரியின் தாளாளர் மசியவில்லை.

"நாலு மணிக்கு வராத அணி தோத்த அணி. கோப்பை நமக்குத்தான். கோட்டைப் போடுய்யா!"

"போட்டாச்சு ஐயா. நீங்க அதை மைக்கிலே ஒரு தடவை சொல்லிருங்க. நாளைக்கு யாரும் பேச்சை மாத்திரக் கூடாதுல்லா."

தாளாளர் கூட்டத்தைப் பார்த்து மூன்று தடவை முழங்கினார்.

நாலு அடித்தது. "எங்கய்யா நம்ம பசங்க?" என்று மைக்கிலேயே கேட்டார்.

சிகாமணி மைக்குப் பக்கம் குனிந்தார். "அவங்களும் வரலை ஐயா. மூணு வருஷமா ரெக்ஸ்லினை 'ஓட்டை வலை'ன்னு கேலி பண்ணின பதினோரு பேரும் அவன் சவப்பெட்டியைத் தூக்கப் போயிட்டாங்க. உங்க சட்டப்படி நாமளும் தோத்தாச்சு."

கூட்டம் எழுந்து கல்லறைத் தோட்டத்துப் பக்கம் நடந்தது.

"நாளையிலேருந்து நீ வேலைக்கு வராதே!"

"சரி ஐயா." சிகாமணி கைச் சுண்ணாம்பைத் தட்டிவிட்டு அவர்கள் பின்னால் போனார்.

கோப்பையோடு கொஞ்ச நேரம் நின்ற தாளாளர், அதை மேசையிலேயே வைத்துவிட்டுத் தன் காருக்கு நடந்தார்.