கழண்டு வந்த சொறிக்குட்டி

கண்ணை மூடிக்கிட்டே கேளு. ம் மட்டும் கொட்டணும். நடுவுல கேள்வி கேட்டா நிறுத்திருவேன்.

ஒரு ஊர்ல ஒரு கடல் இருந்துச்சாம். அந்தக் கடலுக்குள்ள ஒரு பாறை. பாறையில ஒரு அம்மாச் சொறி ஒட்டிக்கிட்டு இருந்துச்சாம். சொறி தெரியும்ல, கண்ணாடி கணக்கா தண்ணியில மிதக்குமே, தொட்டா அரிக்குமே, அதுதான், ஆனா இந்த அம்மா மட்டும் மிதக்காம பாறையிலயே இருக்கும். அந்த அம்மா மேல குட்டிங்க இட்லித்தட்டு அடுக்கின மாதிரி ஒண்ணு மேல ஒண்ணா இருந்துச்சுங்க. ஒரு நாள் உச்சியில இருந்த குட்டி பொளக்குனு கழண்டுருச்சு. கொத்தமல்லி விதை அளவுதான் இருக்கும், சுத்தி எட்டு இதழு. அம்மா என்னை உதறிட்டாளேன்னு அழுதுச்சாம், பாவம். ம்?

அப்போ பாசி கட்டுற குருசம்மா படகுல வந்து அங்க தண்ணியில இறங்கினா. பாசித் துண்டைக் கயித்துல கட்டிக் கட்டி வளக்குறவ. எது அவுந்து கெடந்தாலும் அவ கை சும்மா இருக்காது, உடனே கட்டிப்போட்டுருவா. குட்டி அழுகுறதைக் கேட்டு அவளுக்கு மனசு பொறுக்கல. எடுத்து அம்மா மேல வச்சா. சர்ருனு வழுக்கிருச்சு. அப்புறம் பாசியை வச்சு அமுக்கினா. அதுக்கும் சர்ரு. அப்புறம் நூலை எடுத்துச் சுத்தி, இறுக்கி ஒரு முடிச்சுப் போட்டா. நல்லது பண்ணுறோம்னு நெனப்பு அவளுக்கு. குட்டிக்கு இதழெல்லாம் மடங்கி உசுரே போற மாதிரி ஆயிருச்சு. தூங்கிட்டியா? ம்... சரி.

அப்போ அவ நாத்தனா மக ஜெபக்கனி, கடல் படிப்பு படிக்கிறவ, கூடவே படகுல வந்திருந்தா. எட்டிப் பாத்துட்டு, அத்தை அவுத்து விடுங்க, செத்துரும்னா. அதுக்கு எஃபிரான்னு பேராம். அப்படின்னா என்னடின்னு குருசம்மா கேட்டா.

"ஒட்டி இருக்குற காலம் முடிஞ்சு, நீந்தக் கழண்ட சொறிக்குட்டின்னு அர்த்தம் அத்தை. அதைத் திருப்பி ஒட்ட வைக்க முடியாது."

குருசம்மாவுக்குப் பகீர்னு ஆயிருச்சு. உடனே முடிச்சை அவுத்தா. குட்டி கொஞ்ச நேரம் அசையவே இல்ல. அப்புறம் ஒரு இதழு விரிஞ்சுச்சு. அப்புறம் பளக், பளக்குனு எட்டும் விரிஞ்சு, தானா நீந்த ஆரம்பிச்சிருச்சு. அதுக்கு ஒரே சந்தோசம். ஆனா தூரமாப் போகாம அம்மாவையே சுத்திச் சுத்தி வந்துச்சாம்.

"நான் போயிட்டா நீ என்னைத் தேட மாட்டியாம்மா?"

"தேடுவேன். நீ போ."

அப்புறம் குட்டி போச்சு, பளக்... பளக்... பளக்...

கதையும் நீந்திப் போயிருச்சு, நீ தூங்கு தங்கம்.