வெள்ளிக்கிழமை எந்த இடம்?

கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு படியுங்கள். முடிவில் உங்களிடம் ஒரு கேள்வி கேட்கப் போகிறேன். அப்போது 'இதை நீ சொல்லவே இல்லையே' என்று என்னிடம் சண்டைக்கு வரக் கூடாது.

ஒரு பல்கலைக்கழகம். பேர் எதற்கு? அங்கே இரண்டு கோஷ்டிகள் மோதிக்கொண்டதைச் சாக்காக வைத்து, வளாகத்துக்குள் எந்த மதக் கூட்டமும் கூடாது என்று நிர்வாகம் உத்தரவு போட்டது. தங்கள் மதக் கூட்டத்துக்குக் கலைவிழா என்று பேரை மாற்றிக்கொண்டவர்கள் மைக் வைத்தே பாடினார்கள். அவர்களை ஏனென்று கேட்க ஆளில்லை. ஆனால் மூன்று பேர் ஓர் ஓரமாக உட்கார்ந்து வேதாகமம் வாசித்தால் அது குற்றமாம்!

அந்த மூவரில் மூத்தவள் அக்சாள், தாவரவியல் ஆராய்ச்சி மாணவி. ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தை எழுதிக்கொண்டிருந்தாள். அடுத்தவன் தியோடர், போதகர் வீட்டுப் பிள்ளை. மூன்றாமவன் மகிழ்நன், வரலாறு படிப்பவன். அவன் குடும்பத்தில் யாரும் சர்ச் வாசலை மிதித்ததில்லை. சமீபத்தில்தான் அவனாகத் தேடி வந்து, "அக்கா, நானும் உட்கார்ந்து கேக்கலாமா?" என்று சேர்ந்துகொண்டான்.

வெள்ளிக்கிழமை மதியம் கூடுவார்கள், ஒவ்வொரு வாரமும் ஓர் இடத்தில். முந்தின நாள் மாலை அக்சாள் இருவரிடமும் நேரில் போய், காதோடு காதாக இடத்தைச் சொல்வாள். போனில் ஓர் எழுத்துக்கூட அனுப்ப மாட்டாள். அதில் அவள் படு கெட்டி. அதன் பிறகு விடுதிக்குத் திரும்பி, திருநெல்வேலிப் பக்கம் இருக்கும் அம்மாவிடம் பேசுவாள். சாப்பிட்டியா, சளி விட்டுச்சா, ஜெபக் குறிப்பு என்ன என்று அம்மா வரிசையாகக் கேட்பாள். எதையும் மொட்டையாகச் சொன்னால் அம்மாவுக்கு ஆகாது. "விவரமா சொல்லுளா, அப்பதான கருத்தா ஜெபிக்க முடியும்" என்பாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது, நூலகத்துக்குப் பின்னால் கூடிய அன்று வளாகக் காவல் அதிகாரி நேராக வந்து நின்றார். "இங்க அக்சாள் யாரு?" என்றார். கலைத்து அனுப்பினார். அடுத்த வாரம் செடி வளர்க்கும் கூடத்துக்கும் வந்தார். மறுபடியும் அதே கேள்வி. "இன்னொரு தடவை கூட்டமா பார்த்தேன்னா, உன் ஆராய்ச்சிப் பதிவே ரத்தாயிரும்மா, சொல்லிட்டேன்" என்றார். இத்தனை வருட உழைப்பும் பாழாகிவிடுமே என்று அக்சாள் பதறினாள்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. இவன் வந்த பிறகுதான் இதெல்லாம்" என்றான் தியோடர். "இவன் ரூம்மேட் யாரு தெரியும்ல? நம்ம மேல புகார் கொடுத்த மாணவர் சங்கத்தோட செயலாளர்."

அவ்வளவுதான், மனசுக்குள் பூச்சி நுழைந்துவிட்டது. மகிழ்நன் போனை எடுத்தால் சந்தேகம், எடுக்காவிட்டாலும் சந்தேகம். ஜெபிக்கும்போது அவன் கண்ணை மூடுவதே இல்லை என்பதையும் கண்டுபிடித்தாள். அதைப் பார்க்க இவள் கண்ணைத் திறந்தாளே, அதை யார் கேட்பது? ஒருநாள் தியோடர் அந்த அதிகாரியோடு கேட் அருகே சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். சரிதான், இவன்மேலும் ஒரு கண் வைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். இரண்டு தம்பிகளையும் இப்படிப் பார்க்கிறோமே என்று அவளுக்கே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் விட முடியவில்லை.

அந்த வியாழக்கிழமை ஒரு பொறி வைத்தாள். மகிழ்நனிடம் தண்ணீர்த் தொட்டியடி என்றாள். தியோடரிடம் பழைய கேன்டீன் என்றாள். தான் மட்டும் ஸ்டேடியத்தின் மேல்படியில் உட்கார்வதாகத் தீர்மானித்தாள். அங்கிருந்து இரண்டு இடமும் தெரியும். தனியாக இருப்பவளைக் கூட்டம் என்று யாரும் பிடிக்கவும் முடியாது. அன்று அம்மாவிடம் பேசும்போது அழுதே விட்டாள். யார்மேல் சந்தேகம் என்பதை மட்டும் சொல்லவில்லை.

மறுநாள் எல்லோருக்கும் முன்னால் போய் உட்கார்ந்துவிட்டாள். தியோடர் வந்தான். மகிழ்நனும் வந்தான். தொட்டித் திண்டில் கைக்குட்டையால் தூசி தட்டி, இன்னும் இருவர் உட்காரவும் இடம் பண்ணி வைத்தான். அதைப் பார்த்ததும் அவளுக்குச் சுருக்கென்றது. இருவரும் வெயிலில் காத்திருந்தார்கள். போனைத் தொடவில்லை, இவள் பக்கம் திரும்பவும் இல்லை.

அதிகாரியின் பைக் வந்தது. தொட்டியைத் தாண்டியது. கேன்டீனையும் தாண்டியது. நேராக ஸ்டேடியத்தின் கீழே வந்து நின்றது! மூச்சிரைக்க மேலே ஏறி வந்து, "கூட்டம் எங்கம்மா?" என்றார்.

"நான் ஒருத்திதான் சார் இருக்கேன்."

அவர் நாலாபக்கமும் பார்த்துவிட்டு, முணுமுணுத்துக்கொண்டே இறங்கிப் போனார்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். காட்டிக்கொடுத்தது மகிழ்நனா, தியோடரா? இருவரும் இல்லையென்றால், அந்தப் படிக்கட்டு அதிகாரிக்கு எப்படித் தெரிந்தது?

விடை: அக்சாளேதான் சொன்னாள், அம்மாவிடம், ஜெபக் குறிப்பாக. அம்மா முந்தின வாரங்களைப் போலவே அதையும் குரல் பதிவாக்கி, "எங்க அக்சாள் நாளைக்கு மத்தியானம் ஸ்டேடியம் படியில இருப்பா, பாரத்தோட ஜெபிங்க" என்று உபவாச ஜெபக் குழுவில் போட்டாள். ஆமென் சொன்னவர்கள் சும்மா இருப்பார்களா? ஊர் ஊராக அனுப்பினார்கள். நல்லெண்ணத்தோடு கிளம்பிய செய்தி எந்தெந்தக் கை மாறியோ பல்கலைக்கழகத்துக்கே வந்து சேர்ந்தது. இருவரில் ஒருவன் சொல்லியிருந்தால் மற்றவன் பேரையும் சொல்லியிருப்பான். அதிகாரிக்கோ அக்சாள் பேர் ஒன்றுதான் தெரிந்திருந்தது. ஜெபத்துக்கென்று சொன்னது ஊர்ப்பேச்சாகாது என்று அவள் நம்பியதுதான் பிசகு. அன்றே அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, தியோடரிடம் சொல்லி அழுதாள். மகிழ்நனிடம் போகத்தான் கால் வரவில்லை. ஒருவழியாகப் போய், சந்தேகப்பட்டதை மறைக்காமல் சொல்லி மன்னிப்புக் கேட்டாள். "பரவால்லக்கா" என்றான். "இனிமே எந்த இடம்னு மட்டும் எங்கிட்ட முன்னாடியே சொல்லாதீங்க. நேரா வந்து கூட்டிட்டுப் போங்க."