துண்டுக்குள் இரண்டு கை

"எவனோ ஒருத்தன் என் மகள் வாழ்க்கையில் கை வைத்துவிட்டான், தாயே. அவனைச் சும்மா விடக்கூடாது."

குடிலின் படி ஏறும்போதே வீரணன் கத்தினார். மணப்பாறைச் சந்தையில் முப்பது வருஷமாக மாட்டுத் தரகு. அடிபட்டு, ஏமாந்து, ஏமாற்றித் தொழில் படித்தவர். துறவி நாச்சியார் அவரைவிட இருபது வயது இளையவர். ஆனாலும் வீரணன் யார் சொல்லையாவது கேட்பார் என்றால் அந்த அம்மாளின் சொல்லைத்தான்.

"என்ன நடந்தது, ஐயா?"

"பூங்கோதைக்குப் பல்கலைக்கழகக் கவுன்சிலிங். எந்த வளாகம், எந்தப் படிப்பு என்று கம்ப்யூட்டரில் வரிசையாகப் போடணும். மேலே இருக்கிறதைத்தான் முதலில் பார்ப்பார்கள். நெல்லை வளாகத்தில் சிவில் என்று முதலில் போட்டிருந்தாள். பாலம் கட்டப்போகிறாளாம். இன்று காலையில் பார்த்தால், கோவை வளாகத்துக் கம்ப்யூட்டர் படிப்பு மேலே ஏறி உட்கார்ந்திருக்கிறது. சிவில் இருபதாவது இடத்தில் கிடக்கிறது."

"பிள்ளை என்ன சொன்னாள்?"

"சோற்றுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டாள். பிரவுசிங் சென்டர்காரன் வேலையாக இருக்கும் என்றேன்."

"வரிசையை மாற்றினால் ஓடிபி வருமே. யார் போனுக்கு வந்தது?"

வீரணன் தோளில் கிடந்த துண்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"என் போனுக்கு."

நாச்சியார் அவர் முகத்தையே பார்த்தார். அதுவே வீரணனுக்குச் சுருக்கென்றது.

"நல்லதுக்குத்தான் செய்தேன். எது விலை போகும் என்று எனக்குத் தெரியாதா? வெயிலில் நின்று சிமெண்டுத் தூசி தின்னவா அவளைப் பெற்றேன்?"

நாச்சியார் அவர் தோளிலிருந்து துண்டை எடுத்தார். "இரண்டு கையையும் நீட்டுங்கள்" என்றார். வீரணன் நீட்டினார். அவற்றின்மேல் நாச்சியார் துண்டை விரித்து மூடினார்.

"விலை பேசுங்கள்."

மாட்டுச் சந்தையில் தரகர்கள் விலையை வாய்விட்டுச் சொல்வதில்லை. துண்டுக்கு அடியில் ஒருவர் விரலை ஒருவர் பிடித்துச் சொல்வார்கள். கட்டுப்படியாகவில்லை என்றால் எதிராளி விரலை உருவிக்கொள்வான்.

வீரணன் வலக்கையால் தன் இடக்கை விரல்களைப் பிடித்தார். சிரிப்பு வந்துவிட்டது.

"இதென்ன கூத்து, தாயே? எதிர்க்கை வேண்டாமா? என் விரலை நானே பிடித்துக்கொண்டால், மாட்டேன் என்று உருவுவதற்கு யார் இருக்கிறார்கள்?"

துண்டுக்கு அடியில் பிடி மெல்லத் தளர்ந்தது. வீரணன் தலை கவிழ்ந்தது.

"எத்தனை மணி வரை மாற்றலாம்?" என்று கேட்டார் நாச்சியார்.

"ஐந்து மணி. அதற்கப்புறம் பூட்டிவிடுவார்கள்." வீரணன் குரல் இறங்கியிருந்தது. "செய்தது நான்தான் என்று தெரிந்தால், அவள் என்னோடு பேசுவாளா?"

நாச்சியார் துண்டை மடித்து அவர் தோளில் போட்டார்.

"அது எனக்குத் தெரியாது, ஐயா. எவனோ ஒருத்தன் என்றீர்களே, அவனைச் சும்மா விடாதீர்கள். செய்ததைப் பிள்ளை முகத்தைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். போனை அவள் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். மணி மூன்றரை ஆகிவிட்டது. கிளம்பச் சொல்லுங்கள் அவனை."