மூன்றாவது சந்து

“அளக்கதுக்கு முன்னால ஒரு சுத்து...” என்று ஜெபமணியின் அப்பா சொல்வதுண்டு. அவர் நிலம் அளக்கும் சர்வேயர். ஒரு சுற்று நடக்கணும் என்பாரா, சும்மா பார்த்துக்கிடணும் என்பாரா? மீதி ஜெபமணிக்கு நினைவில்லை. சதுரங்க மன்றத்தின் மாடிப்படி ஏறும்போது அந்தப் பாதிப் பேச்சு மட்டும் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

ஐம்பது தாண்டியபின் ஆட்டம் கற்க வந்தவர் அவர். கற்றுக்கொடுக்கும் சபீனாவுக்கு முப்பத்து மூன்று வயது.

“என்ன அண்ணாச்சி, மூஞ்சி காய்ஞ்ச எலுமிச்சம்பழம் மாதிரி இருக்கு?”

“ஆறு மணிக்குள்ள நகர்த்தல் அனுப்பணும் டீச்சர். எதைத் தொட்டாலும் மெஷின் தோல்விங்குது.”

மடிக்கணினியைத் திறந்து காட்டினார். ஊர்விட்டு ஊர் ஆடும் அஞ்சல் ஆட்டம் அது. ஒரு நகர்த்தலுக்கு மூன்று நாள் அவகாசம். இரு தரப்பும் கணினியைக் கேட்டுக்கொள்ள விதியில் இடமுண்டு. பாளையங்கோட்டை அணியில் மற்ற ஐந்து பேரின் ஆட்டமும் முடிந்துவிட்டது. இவர் சமன் செய்தால் அணி முதன்முறையாக மேல்பிரிவுக்குப் போகும். தோற்றால் ஐந்து பேர் உழைப்பும் வீண்.

“கருப்பு எனக்கு. யானையைப் பின்னால இழுத்தா மெஷின் மைனஸ் நாலு போடுது. யானையால அவன் குதிரையை வெட்டினா மைனஸ் ஏழு. கேப்டன் வேற, மெஷின் சொல்றதைத் தாண்டி ஒரு அடி வைக்காதீரும்னுட்டாரு.”

“நாலுல தோக்கணுமா, ஏழுல தோக்கணுமான்னு கேக்க வந்தியளா?”



சபீனா ஒரு மரப்பலகையை எடுத்து வைத்தாள். “அடுக்குங்க. சிப்பாய் மட்டும்.”

“மத்தது?”

“பெரிய ஆளுகளெல்லாம் டப்பாக்குள்ளயே இருக்கட்டும். சத்தம் தாங்காது.”

புதிதாக வரும் சிறுவர்களுக்கும் அவள் இப்படித்தான் தொடங்குவாள். தன்னையும் குழந்தையாக்கிவிட்டாளே என்று ஜெபமணிக்குக் கொஞ்சம் கூச்சம். இருந்தாலும் அடுக்கினார். வெள்ளைச் சிப்பாய்களும் கருப்புச் சிப்பாய்களும் நெற்றியோடு நெற்றி முட்டி நின்றன.

“இப்போ விரலை வைங்க. வெள்ளை பக்கத்துல இருந்து உங்க பக்கம் நேரா வாங்க. எதிலயும் இடிக்கக் கூடாது.”

முதல் நெடுவரிசையில் விரல் முட்டியது. இரண்டாவதிலும் முட்டியது. மூன்றாவதில் தடையில்லாமல் வந்து சேர்ந்தது. நாலு முதல் எட்டு வரை மறுபடி முட்டல்.

“மூணாவது சந்து ஒண்ணுதான் திறந்திருக்கு டீச்சர்.”

“அதுல யாரு நிக்கா?”

“அவன் குதிரை. அதுக்குக் காவல் பக்கத்துல ஒரு சிப்பாய். அவன் யானை ரெண்டும் இன்னும் இந்தச் சந்துக்கு வரல. அடுத்த நகர்த்தல்ல வந்திரும்.”

“நீங்க குதிரையை வெட்டினா?”

“சிப்பாயால என் யானையை வெட்டுவான். அந்தச் சிப்பாய் மூணாவது சந்துக்குள்ள...”

 ஜெபமணி அந்தச் சிப்பாயைத் தூக்கிச் சந்துக்குள் வைத்தார். டப்பாவில் துழாவி, தன் மந்திரியை எடுத்து அதற்கு நேர் முன்னால் அழுத்தி வைத்தார். விரலை மறுபடி ஓட்டினார். எட்டு வரிசையிலும் இடித்தது.

நாற்காலி பின்னால் சரிய எழுந்துவிட்டார். “டீச்சர்! உள்ளயே வர முடியாதே! ரெண்டு யானை இல்ல, பத்து யானை வச்சிருந்தாலும்...”

“மெதுவா. கீழ கடைக்காரர் மேல ஏறி வந்திருவாரு.”

ஆனால் திரையில் மைனஸ் ஏழு அசையாமல் நின்றது. அதைப் பார்த்ததும் அவர் குரல் இறங்கியது. “நாப்பது நகர்த்தல் முன்னாடி பார்க்கும் டீச்சர் இது. நமக்கு நாலு பார்க்கவே மூச்சு முட்டுது.”

“சரி, மிச்ச ஆளுகளையும் அடுக்கிட்டு வெள்ளையை நீங்க எடுங்க. மெஷினையும் வச்சுக்கிடுங்க. என்னை ஜெயிங்க பாப்போம்.”

அவள் தேநீர்க் குவளையோடு ஜன்னலுக்குப் போய், பலகைக்கு முதுகைக் காட்டி நின்றாள். ஜெபமணி கணினி சொன்னபடி யானையை நகர்த்தினார்.

“ராஜா ஒரு கட்டம் இடது,” என்றாள் தெருவைப் பார்த்தபடியே.

இன்னொரு யானை நகர்ந்தது.

“ராஜா ஒரு கட்டம் வலது.”

யானைகள் இரண்டும் தங்கள் மதிலுக்குள்ளேயே குறுக்கும் நெடுக்குமாக ஓடின. இடது. வலது. இடையில் கீழே போன யாருக்கோ அவள் சலாம் சொன்னாள். பன்னிரண்டாவது நகர்த்தலில் ஜெபமணிக்குச் சிரிப்பு வந்தது. இருபதில் அடக்க முடியவில்லை. முப்பதில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“வெட்டு இல்லாம, சிப்பாய் அசையாம இன்னும் இருபது போனா ஆட்டம் சமன்னு விதி. இப்போ எவ்வளவு காட்டுது?”

“பிளஸ் ஆறே முக்கால். ஜெயிக்கப் போறேனாம்!”

கைப்பேசி ஒலித்தது. கேப்டன். ஜெபமணி எடுக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தில் ஐந்து நாற்பது.

“அப்போ இது பொய்யா சொல்லுது, டீச்சர்?”

சபீனா குவளையைக் கவிழ்த்து வைத்தாள்.

“சே, பாவம். யாருகிட்ட எத்தனை யானை இருக்குன்னு கேட்டிய, ஒழுங்கா எண்ணிச் சொல்லிச்சு. சந்து இருக்கான்னு நீங்க கேக்கலியே, அண்ணாச்சி.”

ஐந்து ஐம்பத்திரண்டுக்கு ஜெபமணி யானையால் குதிரையை வெட்டி அனுப்பினார்.