கை நனைக்காத உல்லம்

அந்தக் காலத்தில் காவிரி மீன்கள் எல்லாம் வாய் திறந்து பேசும், சொந்தம் கொண்டாடும், சொத்துக்கு அடித்துக்கொள்ளவும் செய்யும். வாளையும் உல்லமும் கூடப் பிறந்தவர்கள். வாளை அண்ணன், வாய் பெரிது. உல்லம் தங்கை, ரோஷம் பெரிது. கடல் என்று ஒன்று இருப்பதே அப்போது உல்லத்துக்குத் தெரியாது.

ஒரு கோடையில் ஆறு வற்றி மணல் வெளியே தெரிந்தது. மருத மரத்தடி மடுவில் மட்டும் குளிர்ந்த தண்ணீர் நின்றது. அவர்களுடைய அப்பா விட்டுப்போன மடு அது. வயிறு நிறைய முட்டையோடு உல்லம் அங்கே போனாள். பிள்ளைப்பேற்றுக்குப் பிறந்த வீட்டுக்குப் போகாமல் வேறு எங்கே போவாள்?

வாளை வாசலில் குறுக்கே படுத்துக்கொண்டான்.

"எங்க வந்தே?"

"என்ன அண்ணே கேள்வி இது? முட்டை விட வந்திருக்கேன். கொஞ்சம் நகரு."

"உன்னைக் கட்டிக் கொடுத்தாச்சு. இனிமே இங்க உனக்கு என்ன இருக்கு? இருக்கிற தண்ணி எனக்கே பத்தல."

"ஒரு ஓரமா விட்டுட்டுப் போயிடறேன் அண்ணே. என் புள்ளைங்க..."

"உன் புருஷன்கிட்டச் சொல்லு. அவன் ஒரு மடு வெட்டித் தரட்டும்."

சொல்லிவிட்டு வாலால் ஓங்கி ஓர் அடி அடித்தான், பாவி. உல்லம் புரண்டுபோய் மேட்டுக் குட்டையில் விழுந்தாள். அதற்கு மேல் வயிறு தாங்கவில்லை. கணுக்கால்கூட நனையாத அந்தத் தண்ணீரில்தான் முட்டையிட்டாள். மறுநாள் வெயிலில் குட்டை வற்றியது. அத்தனை முட்டையும் சேற்றோடு சேர்ந்து காய்ந்தது. பக்கத்தில் நூலாக ஓடிய தண்ணீரில் கிடந்து, அவளும் புருஷனும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

உல்லம் அழவில்லை. அவளுக்குப் பற்றிக்கொண்டு எரிந்தது. புது வெள்ளம் வந்ததும் மடு வாசலில் நின்று கத்தினாள்.

"செத்தாலும் இனிமே உன் வீட்டுல கை நனைக்க மாட்டேன்டா!"

அண்ணனை 'டா' போட்டது அதுதான் முதல் முறை. மீனுக்குக் கை ஏது என்று கேட்காதீர்கள். அவள் இருந்த கோபத்தில் அதெல்லாம் நினைப்பிலா இருக்கும்? வெள்ளத்தோடு கீழே போய், முகத்துவாரம் தாண்டிக் கடலுக்குள் இறங்கினாள். புருஷன் வாயைத் திறக்காமல் பின்னால் போனான். பிழைக்கத் தெரிந்தவன்.

கடல் அவளை நன்றாகவே வைத்துக்கொண்டது. உடம்பு தேறியது. செதில் வெள்ளியாக மின்னியது. மறுபடியும் வயிறு கனத்தது. ஆனால் முதலில் இட்ட கொஞ்சம் முட்டை உப்புத் தண்ணீரில் சுருங்கிச் செத்தது. பயந்துபோய் மிச்சத்தை வயிற்றிலேயே அடக்கிக்கொண்டாள். பாறை இடுக்கிலிருந்த நண்டு இதைப் பார்த்தது.

"உப்பு உனக்கு ஆகுது, முட்டைக்கு ஆகல. ஆத்துக்குப் போம்மா."

"அந்த வாசலை மிதிக்கிறதா? நானா?"

"கோவம் உன்னோடது. புள்ளைங்க என்ன பண்ணுச்சு?"

நண்டு சொன்னதில் தப்பே இல்லை. அதனால்தான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது.

ஆடி வெள்ளம் கடலில் வந்து விழுந்தபோது உல்லம் எதிர்நீச்சல் போட்டு ஆறேறினாள். வழியெல்லாம் பாசி மிதந்தது, பூச்சி மொய்த்தது. ஆறு முழுக்கவே அண்ணன் வீடுதான் என்று வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். மருத மரத்தடியில் வாளை நின்றிருந்தான். இப்போது தண்ணீர் தாராளம், அதனால் அவனுக்கு மனசும் தாராளமாகியிருந்தது.

"வா தங்கச்சி. களைச்சுப் போயிருக்கே. ஒரு வாய் சாப்பிடு" என்று கொழுத்த புழுவொன்றை நீட்டினான்.

பசி அவள் குடலைப் பிடுங்கியது.

"தண்ணி மலையிலேர்ந்து வருது, நீ கொண்டாந்து ஊத்தல. இதுல என் புள்ளைங்களுக்குப் பங்கு இருக்கு. கேக்க வரல, எடுத்துக்க வந்திருக்கேன். உன் சோறு எனக்கு வேணாம். தள்ளு!"

அவனை இடித்துத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். மடுவின் நட்டநடுவில் முட்டையிட்டாள். திரும்பிக்கூடப் பார்க்காமல் கடலுக்குப் போய்விட்டாள். குஞ்சுகள் மாமன் கண்ணெதிரிலேயே தின்று வளர்ந்தன. துடுப்பில் பலம் ஏறியதும் அம்மாவைத் தேடிக் கீழே இறங்கின.

அந்த வெள்ளத்திலிருந்துதான் உல்லம் கடலில் வாழ்வதும், பிள்ளைப்பேற்றுக்கு மட்டும் ஆறேறி வருவதும். ஆறேறும்போது வலையில் விழுந்ததை அறுத்துப் பாருங்கள். வயிறு முட்டச் சினை இருக்கும். குடலில் ஒரு பாசித் துணுக்குகூட இருக்காது.