நிழலோடு ஆடிப் பழகிய நாரை

மருதமரக் காட்டின் நடுவே ஒரு பெரிய குளம் இருந்தது. குளத்தின் நடுவே ஒரு மண்திட்டு. மழைக்காலத்தில் கரைகள் மூழ்கினாலும் அந்தத் திட்டு மட்டும் மூழ்காது. ஆகையால், முட்டையிடும் பறவைகள் எல்லாம் அங்கேயே இடம் தேடின.

இடமோ மிகக் குறுகியது. ஒரு பறவை சிறகை விரித்தால் அடுத்த பறவை கழுத்தை மடக்க வேண்டும். ஒன்று திரும்பினால் மற்றொன்று விலக வேண்டும். இல்லையேல் முட்டைகள் உருண்டு நீரில் விழும். எனவே, திட்டில் குடியேற விரும்புவோர் முதலில் கரையோரத்து வரப்பின்மேல் இணையாட்டம் ஆடிக் காட்ட வேண்டும் என்பது அக்குளத்தின் வழக்கம். யார் யாரோடு ஆடுவது என்பதை, ஆட்டத்தை நடத்தும் கிழ ஆமையார் அந்த நேரத்தில்தான் அறிவிப்பார்.

நல்ல வழக்கந்தான் என்று நெடுங்காலன் என்னும் நாரையும் ஒப்புக்கொண்டான். தன்னைத் தவிர மற்ற அனைவருக்கும் அது தேவை என்பது அவன் கருத்து. சென்ற ஆண்டு அவன் ஆட்டத்திற்கே போகாமல் தாழ்ந்த கரையில் கூடு கட்டினான். வெள்ளம் வந்து முட்டைகளைக் கொண்டுபோயிற்று. அவன் மனைவி செங்காலி அதை மறக்கவில்லை.

"இந்த ஆண்டாவது பழகுவோம். வாருங்கள், என்னோடு ஆடுங்கள்!" என்றாள் அவள்.

ஆடத் தொடங்கிய சிறிது நேரத்திலேயே நெடுங்காலன் நின்றுவிட்டான்.

"நான் திரும்பும்போது நீ ஏன் திரும்பவில்லை?"

"நீங்கள் திரும்பப் போவது எனக்கு எப்படித் தெரியும்? ஒரு சாடை காட்டக் கூடாதா?"

"நல்ல ஆட்டக்காரிக்குச் சாடை எதற்கு? உன்னோடு பழகினால் என் ஆட்டமும் கெட்டுவிடும்!"

அவன் தெளிந்த நீரருகே சென்று நின்றான். நீருக்குள் ஓர் அழகிய நாரை தெரிந்தது. அவன் காலைத் தூக்கினான், அதுவும் தூக்கியது. அவன் கழுத்தைச் சாய்த்தான், அதுவும் சாய்த்தது. அது தன் நிழல் என்பதை அவன் அறியாமல் இல்லை. 'நிழலானால் என்ன? இவ்வளவு ஒத்துப்போகும் துணை இக்குளத்தில் வேறு யார் இருக்கிறார்?' என்று எண்ணிக்கொண்டான்.

அன்றுமுதல் நாள்தோறும் நிழலோடு ஆடினான். ஒருமுறையேனும் கால் இடறவில்லை. தன் திறமையைக் கண்டு தானே வியந்தான்.

செங்காலியோ கிடைத்தவரோடெல்லாம் ஆடினாள். மிதித்தாள்; மிதிபட்டாள்; மன்னிப்புக் கேட்டாள்; மீண்டும் ஆடினாள்.

"நொண்டிக்கொண்டே வருகிறாயே, வெட்கமாக இல்லையா?" என்று கேட்டான் நெடுங்காலன்.

"நேற்று இரண்டு காலும் வலித்தன. இன்று ஒன்றுதான் வலிக்கிறது!" என்று சிரித்தாள் அவள்.

மேகம் திரண்டது. ஆட்ட நாள் வந்தது.

"செங்காலியும் நீர்க்காகமும்!" என்று அழைத்தார் ஆமையார்.

பாதி வழியில் நீர்க்காகத்தின் கால் வழுக்கியது. செங்காலி உடனே அடியைச் சுருக்கிச் சிறகால் தாங்கினாள். ஆட்டம் நிற்கவே இல்லை.

"அடுத்து, நெடுங்காலனும் பருத்தனும்!"

பருத்தன் என்பது ஒரு குண்டு வாத்து. நெடுங்காலன் முகம் சுளித்தான். ஆயினும், கூட்டம் பார்க்கிறதே என்று கம்பீரமாக ஓர் எட்டு வைத்தான்.

"அண்ணே, மெதுவாக! என் கால் குட்டை!"

"உன் கால் குட்டையானதற்கு நானா பொறுப்பு?"

"அண்ணே, எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள்?"

"நான் திரும்பும் பக்கம்!"

சொல்லிக்கொண்டே அவன் திரும்பினான். வாத்து குறுக்கே நின்றது. மறுகணம் இருவரும் சேற்றில் கிடந்தனர்.

"செங்காலிக்குத் திட்டில் இடம் உண்டு. நெடுங்காலனுக்கு இப்போது இல்லை" என்றார் ஆமையார்.

பருத்தன் சேற்றை உதறிக்கொண்டு எழுந்தான். "பரவாயில்லை, அண்ணே! மழைக்கு இன்னும் நாள் இருக்கிறது. நாளை வாருங்கள், இருவரும் பழகுவோம். மறுபடி ஆடிக் காட்டினால் ஆமையார் தடுக்கமாட்டார். என் காலுக்கு மிதி புதிதன்று!"

"பழகுவதா? நானா?" என்று சீறினான் நெடுங்காலன். "இத்தனை நாள் ஒரு பிழையும் இல்லாமல் ஆடியவன் நான்! பழக வேண்டியவன் நீ!"

"வாருங்களேன்! குஞ்சுகளுக்காகவாவது!" என்று கெஞ்சினாள் செங்காலி.

"பிழை செய்யாதவன் எதைத் திருத்திக்கொள்வது?" என்று கேட்டுவிட்டு, அவன் தாழ்ந்த கரைக்கு நடந்தான்.

மழை பெய்தது. திட்டில் செங்காலியின் முட்டைகள் ஒன்றுகூட உருளாமல் பொரிந்தன. குஞ்சுகள் எட்டிப் பார்த்தன. எதிர்க்கரையில், வயிறுவரை ஏறிய வெள்ளத்தில், ஒரு நாரை மிக அழகாக நின்றுகொண்டிருந்தது.

"அம்மா, அங்கே தனியாக நிற்பவர் யார்?"

"உங்கள் அப்பா, கண்ணுகளா. ஆட்டத்தில் பிழையே செய்யாதவர்" என்றாள் செங்காலி.

பிறரோடு சேர்ந்து செய்ய வேண்டிய ஒன்றைத் தனியாக எவ்வளவு பழகினாலும், அது பழகியதாகாது.